பாடசாலை தன் கழிவை எரிக்க அனுமதி பெறலாமா?

காலையில் முற்றத்தைக் கூட்டி, சருகையும் காகிதத்தையும் வளவின் மூலையில் குவித்துத் தீ வைப்பது யாழ்ப்பாணத்திலோ தஞ்சாவூரிலோ பிறந்து வளர்ந்த எவருக்கும் புதிதன்று. வீட்டில் நடந்தது பாடசாலையிலும் நடந்தது. அவுஸ்திரேலியாவிலும் ஒருகாலத்தில் நிலைமை இவ்வாறே இருந்தது. வீட்டுப் பின்முற்றத்தில் செங்கல்லாலோ இரும்புப் பீப்பாயாலோ அமைந்த எரிகலம் ஒன்று இருப்பது கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் இயல்பான காட்சி. பாடசாலைகளிலும் அத்தகைய எரிகலங்கள் இருந்தன.

இன்று நிலைமை வேறு. சிட்னிப் பெருநகரப் பகுதியிலுள்ள ஒரு பாடசாலை தன் வளாகத்தில் கழிவை எரிக்க விரும்பினால் முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும். அனுமதி கேட்கும் உரிமை பாடசாலைக்கு உண்டு. ஆனால் கேட்டதனால் மட்டும் அது கிடைத்துவிடாது. அந்த விண்ணப்பம் பற்றிக் கருத்துக்கூறும் வாய்ப்பு அயலில் வாழ்பவர்களுக்கும் உண்டு என்பதைப் பலர் அறியார். பெற்றோர், அயலவர், வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளை நடத்துவோர் ஆகியோர் அறிந்திருக்கவேண்டிய விதிகளை இக்கட்டுரை விளக்குகிறது.

எரிகலம் மறைந்த வரலாறு

கழிவை எரிப்பதே சுகாதாரமான வழி என்று சிட்னி நம்பிய காலம் ஒன்று இருந்தது. கன்பரா நகரை வடிவமைத்த வோல்டர் பேர்லி கிரிஃபின், தம் பங்காளர் எரிக் நிக்கல்ஸுடன் இணைந்து 1930களில் பல நகரசபைகளுக்கு எரியுலைக் கட்டடங்களை வடிவமைத்தார். அவற்றுள் ஒன்று 1934இல் வில்லோபியில் திறக்கப்பட்டு 1967வரை இயங்கியது. மெல்பேணின் எசெண்டன் பகுதியிலும் அவர்கள் வடிவமைத்த ஓர் உலை இருந்தது. இவ்விரு கட்டடங்களும் இன்று கலைக்கூடங்களாக விளங்குகின்றன. பிர்மொன்ட்டில் இருந்த உலை 1992இல் இடிக்கப்பட்டது.

நகரம் வளர்ந்து வீடுகள் நெருங்கியபோது, ஒருவர் எரித்த புகையை இன்னொருவர் சுவாசிக்கும் நிலை உண்டாயிற்று. நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1961இல் தூய வளிச் சட்டத்தை இயற்றியது. பின்னர் வளி, நீர், இரைச்சல், கழிவு ஆகியவற்றைப் பற்றிய தனித்தனிச் சட்டங்களை ஒன்றுதிரட்டி, சூழல் பாதுகாப்புச் செயற்பாடுகள் சட்டம் 1997இல் நிறைவேற்றப்பட்டது. வெளியிடத்தில் தீயிடுவதை இன்று நெறிப்படுத்துவது, அச்சட்டத்தின் கீழ் ஆக்கப்பட்ட 2022ஆம் ஆண்டின் தூய வளி ஒழுங்குவிதியாகும்.

தடையே பொதுவிதி

இந்த ஒழுங்குவிதி நகரசபைப் பகுதிகளை வகைப்படுத்துகிறது. சில பகுதிகளில் எந்தப் பொருளை வெளியிடத்தில் எரிப்பதற்கும் அனுமதி வேண்டும். சில பகுதிகளில் தாவரக் கழிவை எரிப்பதற்கு அனுமதி வேண்டும். குப்பை சேகரிக்கும் சேவை எட்டாத நாட்டுப்புறங்களுக்குச் சில விலக்குகள் உள்ளன. ஒரு முகவரி எந்த வகைக்குள் வருகிறது என்பதை அப்பகுதி நகரசபையிடம் கேட்டறியலாம். மக்கள் செறிந்து வாழும் நகர்ப்பகுதிகளைப் பொறுத்தவரை, தடையே பொதுவிதி, அனுமதி விதிவிலக்கு என்று கொள்வது பாதுகாப்பானது.

பாடசாலை என்பதற்காகச் சலுகை எதுவும் இல்லை. கல்விப் பணி புனிதமானதாயினும் அதன் குப்பையிலிருந்து எழும் புகை ஏனைய புகையைப் போன்றதே. குழந்தைகள் கூடும் இடம் என்பதால் அங்கே கூடுதல் கவனம் தேவை என்றுதான் கூறவேண்டும். எரியும் குப்பையிலிருந்து வெளிவரும் துகள்களுள் மிக நுண்ணியவை, அதாவது விட்டம் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் இரண்டரைப் பங்குக்கும் குறைந்தவை, நுரையீரலின் ஆழம்வரை செல்கின்றன. உடல் எடையுடன் ஒப்பிடுகையில் குழந்தைகள் பெரியவர்களைவிடக் கூடுதலான காற்றை உள்ளிழுக்கின்றனர். அவுஸ்திரேலியாவில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு ஆஸ்துமா உள்ளது. 2019-20 கோடையில் கிழக்கு மாநிலங்களைச் சூழ்ந்த காட்டுத்தீப் புகையால் ஏறத்தாழ 417 கூடுதல் மரணங்கள் நேர்ந்தன என ஆய்வாளர் மதிப்பிட்டனர். ஒரு பாடசாலை மூட்டும் சிறு தீயை அந்தப் பேரிடருடன் ஒப்பிட முடியாது. ஆயினும் புகையை வெறும் அசௌகரியமாக எண்ணிவிடக்கூடாது என்பதை அது உணர்த்தியது.

நான்கு குவியல்கள்

விதி நடைமுறையில் எவ்வாறு பொருந்துகிறது என்பதைக் காண ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். மரங்கள் அடர்ந்த பெரிய வளாகம் கொண்ட பாடசாலை ஒன்று ஆண்டிறுதித் துப்புரவுப் பணியை முடித்துள்ளது. வளாகத்தில் நான்கு குவியல்கள் சேர்ந்துள்ளன. எல்லாவற்றையும் ஒரே நாளில் எரித்துவிட்டால் குப்பை அகற்றும் செலவு மிஞ்சும் என நிர்வாகம் கருதுகிறது.

முதற் குவியல் பழைய விடைத்தாள்களும் மாணவர் பதிவேடுகளும். மாணவரின் பெயரும் புள்ளிகளும் வெளியார் கையில் சிக்கக்கூடாது என்பது நியாயமான கவலை. ஆனால் அதற்கு எரிப்பது ஒன்றே வழியன்று. ஆவணங்களைப் பாதுகாப்பாகத் துண்டாக்கிப் பின் மீள்சுழற்சிக்கு அனுப்பும் நிறுவனங்கள் உள்ளன. அரசுப் பாடசாலையாயின் 1998ஆம் ஆண்டின் மாநிலப் பதிவேடுகள் சட்டமும் பொருந்தும். குறித்த காலம் கழியும் முன் பதிவேடுகளை எவ்வகையிலும் அழிக்கலாகாது.

இரண்டாவது குவியல் உணவுப் பொதிகள், போத்தல்கள், நெகிழித் தாள்கள். நெகிழி எரியும்போது நச்சு வாயுக்கள் வெளிப்படும். இவற்றுக்கு மாற்றுவழி எளிதாகவே கிடைக்கிறது. 2017 டிசம்பர் முதல் நடைமுறையிலுள்ள ‘ரிட்டர்ன் அன்ட் ஏர்ன்’ திட்டத்தின் கீழ், தகுதியுள்ள போத்தலோ தகரக் குவளையோ ஒன்றுக்கு 10 சதம் திரும்பக் கிடைக்கும். பல பாடசாலைகள் இதனை நிதி திரட்டும் வழியாகவே கொண்டுள்ளன.

மூன்றாவது குவியல், கழற்றப்பட்ட பழைய விளையாட்டுத்திடல் மரங்கள். நான்கிலும் ஆபத்தானது இதுவே. கறையான் அரிக்காமலும் உளுக்காமலும் இருப்பதற்காக முன்னைய காலத்தில் இத்தகைய மரங்களில் செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஆகியவை கலந்த கரைசல் ஊட்டப்பட்டது. 2006 முதல் விளையாட்டுத்திடல் சாதனங்களுக்கும் வீட்டுத் தளமேடைகளுக்கும் அதன் பயன்பாடு அவுஸ்திரேலியாவில் கட்டுப்படுத்தப்பட்டது. புதிதில் பச்சை படிந்திருக்கும் அம்மரம் வெயிலில் வெளிறிச் சாம்பல் நிறமாகிவிடுவதால், பார்வையால் மட்டும் அதனை இனங்காண முடியாது. எரித்தால் ஆர்சனிக் புகையிலும் சாம்பலிலும் கலக்கும். அச்சாம்பல் கிடந்த மண்ணில் குழந்தைகள் விளையாடுவர். இம்மரத்தையும் டயர், உறையிட்ட மின்கம்பி, வண்ணப்பூச்சுக் கொள்கலன், கரைப்பான் கொள்கலன் முதலியவற்றையும் எரிக்கத் தடைசெய்யப்பட்ட பொருட்கள் என ஒழுங்குவிதி தனியாகவே வகுத்துள்ளது. இவற்றைப் பாடசாலை வளாகத்தில் எரிப்பதற்கு விண்ணப்பிப்பதில் பயனில்லை.

நான்காவது குவியல், வளாகத்து மரங்களிலிருந்து உதிர்ந்த காய்ந்த கிளைகள். அனுமதிக்கு ஓரளவேனும் இடமுள்ளது இங்குதான். நகரசபைகள் தாவர எரிப்புக்கு அனுமதி வழங்கும் பகுதிகளில், அது பட்டுக் காய்ந்த தாவரத்துக்கு உரியது. அத்தாவரம் அந்நிலத்திலேயே வளர்ந்ததாக இருக்கவேண்டும். அயல் வளவின் கிளைகளையோ, பெற்றோர் தம் வீட்டிலிருந்து கொண்டுவந்த தோட்டக் கழிவையோ அதனுடன் சேர்க்கலாகாது. ஈரச் சருகு புகைந்துகொண்டே இருக்குமாதலால் அது பொருந்தாது. கிளைகளைத் துருவலாக்கி மரங்களின் அடியில் மூடாக்காக இட முடியுமாயின் எரிக்கவேண்டிய தேவையே எழாது.

ஆக, நான்கு குவியல்களில் மூன்று விண்ணப்பத்தின் வாசலைத் தாண்டுவதே அரிது. நான்காவதும் உறுதியன்று.

அனுமதி வழங்குமுன் கருதப்படுபவை

எரிப்பு அனுமதியை வழங்கும் அதிகாரம் ஈ.பி.ஏ. எனப்படும் சுற்றாடல் பாதுகாப்பு அதிகாரசபைக்கும், சில இடங்களில் நகரசபைக்கும் உண்டு. எவர் முடிவுசெய்தாலும் சில கேள்விகளைத் தவறாது ஆராயவேண்டும் என ஒழுங்குவிதி பணிக்கிறது. அவற்றின் சாரம் வருமாறு:

• பிரதேசம் முழுவதன் வளித் தரத்துக்கும் வாழ்வு நலத்துக்கும் என்ன பாதிப்பு நேரும்?

• அண்டை அயலின் வளித் தரத்துக்கும் வாழ்வு நலத்துக்கும் என்ன பாதிப்பு நேரும்?

• அப்பொருளை மீளப் பயன்படுத்தவோ, மீள்சுழற்சி செய்யவோ, வேறு வழியில் அகற்றவோ இயலுமா?

• பாதிக்கப்படக்கூடிய பொதுமக்களின் கருத்து யாது?

செலவு மிச்சமாகும் என்பதும், நெடுங்காலமாக அவ்வாறே செய்துவந்தோம் என்பதும் இப்பட்டியலில் இல்லை. வேறு வழி உண்டா, யார் அதைச் சுவாசிப்பார் என்பவையே சட்டம் கேட்கும் அடிப்படைக் கேள்விகள்.

நான்காவது கேள்வி வெறும் சம்பிரதாயமன்று. இதைவிட மிகப் பெரிய அளவிலான ஒரு நிகழ்வு மேற்குச் சிட்னி மக்களின் நினைவில் இருக்கலாம். பிளாக்டவுன் பகுதியின் ஈஸ்டர்ன் கிரீக்கில் ஆண்டுக்குப் பல இலட்சம் தொன் கழிவை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை ஒன்றை அமைக்கத் திட்டம் முன்வைக்கப்பட்டது. அயலில் வாழ்ந்தோர் நூற்றுக்கணக்கில் எழுத்துமூல ஆட்சேபங்களை அனுப்பினர். 2018 ஜூலையில் சுயாதீனத் திட்டமிடல் ஆணைக்குழு அத்திட்டத்தை நிராகரித்தது. வளித் தரத்துக்கு ஏற்படும் பாதிப்புப் பற்றிய நிச்சயமின்மையும் மக்கள் நலன் பற்றிய கவலையும் அதன் காரணங்களுள் அடங்கும். 2021இல் மாநில அரசு, இத்தகைய ஆலைகளுக்கான இடங்களைச் சிட்னிக்கு வெளியே நான்கு பகுதிகளாக வரையறுத்தது. ஆலைக்கான சட்டமுறை வேறு, பாடசாலைக் குவியலுக்கான சட்டமுறை வேறு. எனினும் எழுத்தில் வந்த கருத்துக்கு இரண்டிலும் இடமுண்டு.

யாரிடம் விண்ணப்பிப்பது, யார் கண்காணிப்பது?

1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பெரும்பாலான இடங்களில் சிறிய அளவிலான வளி மாசுக்கு நகரசபையே பொறுப்பான ஒழுங்குபடுத்தும் அமைப்பு. ஆனால் மாநில அரசோ அதன் பொது நிறுவனங்களோ மேற்கொள்ளும் செயற்பாடுகளுக்கு ஈ.பி.ஏ. பொறுப்பு. எனவே கத்தோலிக்கப் பாடசாலை அல்லது தனியார் பாடசாலை பற்றிய முறைப்பாட்டை நகரசபை விசாரிக்கும். அரசுப் பாடசாலை பற்றியதை ஈ.பி.ஏ. விசாரிக்கும். அரசுப் பாடசாலைக் கட்டடத்தை வார இறுதியில் வாடகைக்குப் பெறும் சமூக அமைப்பு, அங்கு எதையும் எரிப்பதற்குமுன் பாடசாலை அதிபரின் எழுத்துமூல இசைவைப் பெறுவது முதற்படி. இசைவு கிடைப்பதனால் சட்டப்படியான அனுமதி கிடைத்ததாகாது, இரண்டும் வெவ்வேறு.

தீயணைப்புத் துறையின் அனுமதியும் தனியானது. வழமையாக அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை நீடிக்கும் காட்டுத்தீ அபாயக் காலத்தில், வெளியிடத் தீக்குக் கிராமத் தீயணைப்புச் சேவையிடமோ நியூ சவுத் வேல்ஸ் தீயணைப்பு மீட்புப் படையிடமோ அனுமதிப் பத்திரம் பெறவேண்டும். தீ பரவாமல் இருக்குமா என்பதே அவர்களின் அக்கறை. புகையைப் பற்றி ஈ.பி.ஏ.யும் நகரசபையும் அக்கறை கொள்கின்றன. ஒன்றைப் பெற்றவர் மற்றதையும் பெற்றதாகக் கருதக்கூடாது. முழுத் தீத் தடை அறிவிக்கப்படும் நாளில் தீ அனுமதிப் பத்திரங்கள் செல்லாது. காற்று அசைவற்றுப் புகை தேங்கும் நாட்களில் எரிப்பை முற்றாகத் தடுக்கும் கட்டளையை ஈ.பி.ஏ.யும் பிறப்பிக்கலாம், அன்று முன்னர் பெற்ற அனுமதியை நம்பித் தீ மூட்டலாகாது.

அனுமதி பெற்றவருக்கும் ஒரு பொதுக் கடமை தொடர்கிறது. புகையைத் தடுக்கவோ குறைக்கவோ நடைமுறையில் இயலும் எல்லா வழிகளையும் அவர் கையாளவேண்டும். காற்றின் திசையைப் பார்த்தல், காய்ந்த பொருளை மட்டும் இடுதல், அயலவருக்கு முன்னறிவித்தல் ஆகியன அத்தகையவை.

பொங்கலும் போகியும்

தமிழ்ப் பாடசாலைகளுக்கு இவ்விடத்தில் ஒரு தனிக் கேள்வி எழும்: பாடசாலை முற்றத்தில் பொங்கற் பானை வைக்கலாமா? வெளியிடத்தில் சமைப்பதற்கு மூட்டும் தீயை வளி ஒழுங்குவிதி தடுக்கவில்லை. நன்கு காய்ந்த விறகு, எரிவாயு, கடைகளில் விற்கப்படும் வாட்டெரிபொருள் ஆகியவற்றை மட்டும் பயன்படுத்தவேண்டும் என்பதே நிபந்தனை. வண்ணம் பூசிய பலகை, பெட்டி மரம், அட்டை ஆகியவற்றை அடுப்பில் இடக்கூடாது.

ஆனால் தைப்பொங்கல் ஜனவரி நடுப்பகுதியில், இந்நாட்டின் கடுங்கோடையில் வருகிறது. அன்று முழுத் தீத் தடை அறிவிக்கப்பட்டிருந்தால் வெளியிடத்தில் விறகு அடுப்பு மூட்டலாகாது. எரிவாயு அடுப்புக்கும் கடும் நிபந்தனைகள் உண்டு. ஆகவே ஏற்பாட்டாளர்கள் முதல் நாள் மாலையிலேயே தீயணைப்புச் சேவையின் அறிவித்தலைப் பார்ப்பதும், உள்ளே மின்னடுப்பில் பொங்குவதற்கு மாற்று ஏற்பாடு ஒன்றை வைத்திருப்பதும் நன்று.

போகியன்று பழையன எரிக்கும் வழக்கத்துக்கு அத்தகைய விலக்கு இல்லை. அது சமையலன்று, கழிவெரிப்பு. தமிழகத்திலும் இன்று நிலை இதுவே. போகிப் புகையைத் தவிர்க்குமாறு தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் மக்களை வேண்டுகிறது. 2018ஆம் ஆண்டுப் போகியன்று புகையும் மூடுபனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தின் சேவைகளைக் குலைத்தன. இந்தியாவின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் வெளியிடக் கழிவெரிப்பை நாடு முழுவதும் தடைசெய்து, சிறு அளவுக்கு 5,000 ரூபாவும் பெருமளவுக்கு 25,000 ரூபாவும் இழப்பீடாக விதித்தது. பழையதைக் கழிக்கும் நோக்கத்தை, பயன்படும் துணிகளையும் நூல்களையும் தேவையுள்ளோருக்குக் கொடுத்தும் நிறைவேற்றலாம்.

அயலில் புகை எழுந்தால்

பாடசாலை ஒன்று எரிப்பு அனுமதிக்கு விண்ணப்பித்துள்ளதாக அறிவித்தல் கிடைத்தால், அதில் குறிப்பிட்ட நாளுக்குமுன் கருத்தை எழுதி அனுப்பவேண்டும். நீண்ட கடிதம் தேவையில்லை. வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையிலான தூரம், வீட்டில் ஆஸ்துமா அல்லது இதயநோய் உள்ளவர் இருப்பின் அவ்விபரம், வழமையாகக் காற்று வீசும் திசை ஆகியவற்றைத் தெளிவாகக் குறிப்பிட்டால் போதும். ஆட்சேபம் இல்லாதவர், பெற்றோர் வீட்டில் இருக்கும் வேலைநாளில் எரிக்கவேண்டாம், பாடசாலை நேரத்தில் எரிக்கவேண்டாம் என்பன போன்ற நிபந்தனைகளையும் பரிந்துரைக்கலாம்.

அனுமதியின்றி எரிப்பதாகத் தோன்றினால் நாள், நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, எத்தகைய மணம் வந்தது, புகை எத்திசையில் சென்றது என்பவற்றைக் குறித்துக்கொள்ளவும். பாடசாலை எல்லைக்குள் நுழையவோ மாணவரைப் படம்பிடிக்கவோ வேண்டாம். முதலில் பாடசாலை அலுவலகத்துடன் பேசுவது பல சமயங்களில் சிக்கலை அங்கேயே தீர்த்துவிடும். தீராவிடில் நகரசபையையோ, ஈ.பி.ஏ.யின் சுற்றாடல் தொலைபேசிச் சேவையையோ 131 555 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். விசாரணைக்குப் பின் எச்சரிக்கை, தடுப்பு அறிவித்தல், தண்டப் பணம், வழக்கு என நடவடிக்கை அமையலாம். தீ கட்டுமீறிப் பரவினால் தாமதியாது 000 அழைக்கவேண்டும். புகையால் மூச்சுத்திணறல் ஏற்பட்டாலும் அதே இலக்கமே.

ஆங்கிலத்தில் பேசத் தயங்குவோர் 131 450 என்ற இலக்கத்தில் மொழிபெயர்ப்பு, உரைபெயர்ப்புச் சேவையை அழைத்து, தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று கூறி, பின்னர் நகரசபையுடனோ ஈ.பி.ஏ.யுடனோ இணைக்குமாறு கேட்கலாம். மொழி தெரியாது என்ற தயக்கத்தால் கருத்து அனுப்பப்படாமற் போனால், முடிவெடுக்கும் அலுவலர் அயலில் எவருக்கும் ஆட்சேபம் இல்லை என்றே கொள்ள நேரும். பொதுமக்களின் கருத்தை ஆராயுமாறு சட்டம் கட்டளையிட்டாலும், வந்து சேர்ந்த கருத்தை மட்டுமே அவரால் ஆராய முடியும்.